பின்னால் மிதித்தால் நிற்கும்

நானும் என் தங்கையும் எழுதிக்கொள்ளும் கடிதங்களுக்கு, யார் எழுதினாலும் ஒரே வரிசையில், எண் போடுவோம். வழியில் ஒன்று தொலைந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக, கொலோனுக்கு வந்த முதல் வாரத்தில் நான் செய்த ஏற்பாடு அது. நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் கோடு கிழித்து, எண், போட்ட நாள், போய்ச் சேர்ந்த நாள் என்று மூன்று பத்திகள் வைத்திருக்கிறேன். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தொலைந்தவை இரண்டே. ஐம்பத்தெட்டாம் எண் தொலையவில்லை. தொலைந்து போகாதா என்று நான் ஏங்கிய ஒரே கடிதம் அதுதான்.

அறுபத்தேழாம் ஆண்டு வசந்தம். என் கணவர் பல்கலைக்கழக வேதியியல் கூடத்தில் இருந்தார். எனக்கு நூலகத்தில், ஆங்கிலப் புத்தகங்களுக்கு அட்டை எழுதும் வேலை. வயது முப்பத்தொன்பது. தங்கை என்னைவிட ஆறு வயது இளையவள். கல்யாணமாகி நான்காம் வருஷம் கணவனை இழந்து, திருவாரூர்ப் பக்கத்தில் எங்கள் பெற்றோர் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள். அந்த ஆண்டுதான் அவளுக்குக் கிராம சேவிகை வேலை கிடைத்தது. ஒன்பது ஊர்கள் சுற்ற வேண்டும். பேருந்து போவது இரண்டுக்கு. ஆகவே உத்தரவில் ஒரு வரி இருந்தது: ஆறு மாதத்துக்குள் சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் வேலை நிரந்தரமாகாது.

வேலை போனால் அவள் எங்கே போவாள் என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும். அண்ணன் வீட்டுக்கு. அண்ணன் கெட்டவர் அல்லர். ஆனால் அந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் அடுக்களை மூலையும், எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஓர் இலையும்தான் இருக்கும். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கச் சொல்லி அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருந்தார்.

அவளுடைய ஐம்பத்தைந்தாம் கடிதத்தில் இப்படி இருந்தது: "அக்கா, சைக்கிள் வந்து மூணு மாசமாச்சு. கூடத்துல சாக்குப் போத்தி வச்சிருக்கேன். ராத்திரி பாத்தா யாரோ குந்தியிருக்கற மாதிரி இருக்கு. ஆபீஸ்ல ஒருத்தர் கத்துத் தர்றேங்கறார். பின்னால பிடிச்சிக்கிட்டு ஓடி வருவாராம். இந்தத் தெருவுல அது நடக்குமா, நீயே சொல்லு. நம்ம ஊர்ல சைக்கிள் விடத் தெரிஞ்ச பொம்பளை ஒருத்தியைக் காட்டு பாக்கலாம். உனக்காவது தெரியுமா?"

எனக்கும் தெரியாது. சிறுமிகளாக இருந்தபோது அண்ணனின் சைக்கிள் பின்னிருக்கையில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து போனதுண்டு. அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் சைக்கிள் அனுபவம் அவ்வளவுதான்.

இதற்குள் நூலகத்தின் கீழறையிலிருந்து ஒரு பெட்டி என் மேசைக்கு வந்தது. போர்க் காலத்தில் தண்ணீர் புகுந்து, பிறகு உலர்த்தி, இருபது ஆண்டுகளாக யாரும் பிரிக்காத பெட்டி. அதில் கையடக்கமான ஓர் ஆங்கிலப் புத்தகம். விக்டோரியா மகாராணி காலத்தில், பெண்கள் சைக்கிள் ஓட்டுவதற்காக வாதாடிய ஒரு பெண்மணி எழுதியது. முன்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்ததால் பெயர் தெரியவில்லை. நான் அட்டையில் "ஆசிரியர் அறியப்படவில்லை, பெண்" என்று எழுதினேன். அந்தக் கடைசிச் சொல் விதிகளுக்கு உட்பட்டது அல்ல. ஆனாலும் அடிக்கவில்லை.

மதிய இடைவேளைகளில் அதைப் படித்து முடித்தேன். அவர் தெருவில் போனால் கூச்சலிடுவார்களாம். ஒரு தேவாலய வாசலில் அவர்மீது சேற்றை அள்ளி வீசினார்களாம். இதையெல்லாம் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, மீதி முழுவதும் பெண்களுக்கான பாடங்களாக எழுதியிருந்தார். ஊருக்கு ஊர் போய்க் கூடம் ஒன்றை எடுத்து, கதவைச் சாத்திக் கற்றுக்கொடுத்திருக்கிறார். இரண்டு காரியங்களில் அவர் கண்டிப்பானவர். ஒன்று, எந்தப் பெண்ணும் ஓர் ஆணைக் கேட்டோ, ஓர் ஆண் இருக்கையைப் பிடிக்கவோ கற்கக் கூடாது. பிடித்த கை விட்ட பிறகும் அந்தப் பெண் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பாளாம். இன்னொன்று, விழுந்தால் அழுவதற்கு முன் குறிப்பேட்டில் மூன்று வரி எழுத வேண்டும்: இடம், காரணம், அடுத்த முறை.

விழுவதையும் ஒழுங்காகப் பதிவு செய்யச் சொன்ன ஒருவரை நான் எப்படி நம்பாமல் இருப்பேன்?

தங்கைக்கு எழுதினேன்: "பொறு. நான் கற்றுக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். விழுந்தால் அழுவதற்கு முன் மூன்று வரி எழுத வேண்டுமாம், புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரி சொல்கிறாள். நீயும் ஒரு குறிப்பேடு வாங்கி வை."

பக்கத்து மேசையில் வேலை பார்த்த ஜெர்மன் பெண்ணிடம் சைக்கிள் இருந்தது. என் வயதுதான் அவளுக்கு. சைக்கிள் கறுப்பு நிறம், கனமான பழைய வண்டி. பெண்கள் ஏறுவதற்காக வளைந்த சட்டம். பின் சக்கரத்தின் இரு பக்கமும், பாவாடை சிக்காமலிருக்க, கொக்கி ஊசியால் பின்னிய நூல்வலை கட்டியிருந்தது. புத்தகத்தை அவளிடம் காட்டினேன். பிடித்துக்கொண்டு ஓடிவரத் தேவையில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"அருமையான புத்தகம்! நான் உட்கார்ந்து காப்பி குடிக்கிறேன். நீ விழு."

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழரைக்கு ரைன் கரையில் கூடுவோம். முதல் நாள் வெப்பம் நான்கு டிகிரி. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, உள்ளே கம்பளிக் காலுறை போட்டிருந்தேன். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து, நான் விழும்போதெல்லாம் விரல் விட்டு எண்ணினாள். என் குறிப்பேட்டில் பதினான்கு விழுதல்கள் உண்டு. ஒன்பதாவது இப்படி இருக்கிறது: "இடம், இரண்டாவது விளக்குக் கம்பம். காரணம், படகைப் பார்த்தது. அடுத்த முறை, பார்க்காதே."

ஐந்தாவது ஞாயிறு பாலம் வரை போய்த் திரும்பினேன். தண்ணீர் பக்கத்திலேயே ஓடியது. மிதிப்பது நான்தான் என்பது கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. அப்போது ஒன்றைக் கவனித்தேன். பாதை அகலமாக இருந்தும் வலது ஓரமாகவே போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கத்தில் இன்னொரு சைக்கிளுக்கு வேண்டிய இடம் சும்மா கிடந்தது.

நிறுத்துவதுதான் எனக்குக் கடைசியாக வந்தது. கைப்பிடியில் முன் சக்கரத்துக்கு ஒரு பிரேக் இருந்தது. ரப்பர் தேய்ந்து, பிடித்தால் கிறீச்சிடும், நிற்காது.

"அதைத் தொடாதே. அது சும்மா கத்தும். காலால் பின்னால் மிதி" என்றாள் அவள்.

மிதித்தேன். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்தேன். அந்தப் பெண்மணியும் அதையே சொல்லியிருந்தார்: மிதியைப் பின்னோக்கி அழுத்து, காலை நம்பு. எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய புத்தகமும் என் பாதமும் ஒன்றையே சொன்ன பிறகு, மூன்றாவது சாட்சியை நான் தேடவில்லை.

ஐம்பத்தெட்டாம் கடிதத்தை இரண்டு மாலைகள் எழுதினேன். பத்து விதிகள். புடவையை எப்படிச் செருகுவது, கண் எங்கே இருக்க வேண்டும், ஏறும்போது எந்தக் கால். ஏழாவது விதி: "நிறுத்த வேண்டுமானால் கைப் பிரேக்கை நம்பாதே. மிதியைப் பின்னால் மிதி. நிற்கும்." பின்னால் என்ற சொல்லுக்குக் கீழே அடிக்கோடு போட்டேன். வெள்ளிக்கிழமை மாலை தபாலில் சேர்த்தேன். அவளுக்கு ஏழு வாரம் பாக்கி இருந்தது.

அடுத்த வாரமும் கழிந்து, ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் மாதம் ஒருமுறை எங்களோடு சாப்பிட வருவார். சோறும் வத்தக்குழம்பும் முடிந்ததும், நான் சைக்கிள் பழகிய கதையை என் கணவர் அவரிடம் சொன்னார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். நாட்குறிப்பில் படியெடுத்து வைத்திருந்த பத்து விதிகளையும் வாசித்துக் காட்டினேன்.

"நல்ல வடிவா எழுதியிருக்கிறியள் அக்கா," என்றார் அவர். "அந்த ஏழாவதை ஒருக்காத் திருப்பி வாசியுங்கோ பாப்பம்."

வாசித்தேன்.

"உங்கட தங்கச்சி ஓடுறது ஊர்ச் சைக்கிள் எல்லோ?"

"ஆமாம்."

"அப்ப அது நிக்காது அக்கா. இங்கத்தைச் சைக்கிளுக்குத்தான் பின்னுக்கு மிதிச்சாப் பிரேக். எங்கட பக்கத்துச் சைக்கிளிலை பின்னுக்கு மிதிச்சாச் சும்மா சுத்தும். கையாலை பிடிக்காமல் நிப்பாட்ட ஏலாது."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மோர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அது ஃப்ரீவீல். ஆமாம், நிக்காது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? காலேஜுக்கு நாலு வருஷம் சைக்கிள்லதானே போனேன்?"

"ஆம்பளைங்களைக் கேக்கக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருந்தது."

மாணவர் சிரித்துவிட்டார். "அப்ப நான் சொன்னதையும் கேக்காதேங்கோ." பிறகு என் முகத்தைப் பார்த்தார் போலும். "கடிதம் எப்ப போட்டனீங்கள்?"

நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். மூன்றாம் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். ஐம்பத்தேழு கடிதங்களில் ஒன்றுகூடப் பதினொரு நாளுக்குக் குறைந்து போய்ச் சேர்ந்ததில்லை. இன்று ஒன்பது. தந்தி இரண்டு நாளில் போகும். இருக்கிறது, நேரம் இருக்கிறது.

அவள் பழகப்போவது வாய்க்கால் கரையில் என்று எழுதியிருந்தாள். அந்தக் கரை எனக்குத் தெரியும். மதகுக்கு வந்ததும் சட்டென்று இறங்கும். இறங்கும் இடத்தில் பாதை திரும்பும், தண்ணீர் திரும்பாது.

ஞாயிறு என்பதால் இரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய தபால் நிலையம் மட்டும் திறந்திருந்தது. மூவரும் போனோம். படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: பின்னால் மிதித்தால் நிற்காது, கையால் பிடி, ஏழாம் விதியை அடித்துவிடு. சன்னலுக்கு அப்பால் இருந்தவர் சொற்களைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நிமிர்ந்து, "ஏழாம் விதியா?" என்றார். "ஆமாம்" என்றேன். பொய்யாகத் தோன்றும் ஓர் உண்மையைச் சொல்வது எவ்வளவு கூச்சம் என்று அன்று தெரிந்தது.

அதன் பிறகு பதில் வரும் வரை நாட்குறிப்பில் அன்றன்றைய வெப்பநிலையை மட்டும் எழுதியிருக்கிறேன். ரைன் கரைக்குப் போகவில்லை. தூரத்தில் இருப்பவர்களை நினைப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அந்த நாட்களில் நான் நினைத்தது அவள் முகத்தை அல்ல, அவள் பாதத்தை. அது என் வார்த்தையை நம்பிப் பின்னால் மிதிப்பதை. ஓடிப்போய் அந்தக் காலைப் பிடித்துக்கொள்ள முடியாமல், ஐயாயிரம் கல் தள்ளி உட்கார்ந்து அட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் பதில் வந்தது. நான்கு பக்கம்.

"அக்கா, உன் தந்தி செவ்வாய்க்கிழமை காலைல வந்துது. நான் வீட்ல இல்லை, கரைக்குப் போயிருந்தேன். நீ பொறுன்னாலும் கேக்காம ரெண்டு வாரமா அங்கே மெல்ல மெல்லப் பழகிக்கிட்டிருந்தேன். எதிர்வீட்டு அத்தை கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கு. தந்தின்னதும் அதுக்கு வேற என்ன தோணும்? அக்கா போயிட்டான்னு வாசல்ல உக்காந்து எடுத்துருச்சு ஒப்பாரி. உன் நிறம், உன் பொறுமை, நீ வத்தல் போடற அழகு, ஒண்ணு விடலை. தெருவே கூடிப்போச்சு. நான் தெரு முனைல எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் வருவேன், யாரும் பாக்கக் கூடாதுன்னு. அன்னைக்கு நம்ம வாசல்ல கூட்டத்தைப் பாத்ததும் எறங்கறது மறந்துபோச்சு. அப்படியே மிதிச்சுக்கிட்டு நேரா வந்துட்டேன். எல்லாரும் அழுகையை நிப்பாட்டிட்டு என்னைப் பாக்கறாங்க. நான் வாசல்ல வந்து நின்னேன். ஹெட்மாஸ்டர் தந்தியைப் பிரிச்சுப் படிச்சார். ரெண்டு தடவ படிச்சார். 'ஏழாம் விதியை அடித்துவிடுன்னு போட்டிருக்கும்மா'ன்னார். அத்தை, 'யாரை அடிக்கச் சொல்றா?'ன்னு கேட்டுது. சிரிச்சேன் பாரு, அழுகையே வந்துருச்சு. இனிமே மறைக்க என்ன இருக்கு? மறுநாள்லேருந்து தெருவுலயே விடறேன். நீ நல்லாத்தானே இருக்கே?"

அதற்கடுத்த கடிதத்தில் ஒரே வரி: "ஓட்டிக் காட்டிட்டேன், கையெழுத்துப் போட்டுட்டாங்க." அண்ணனுக்குச் சாவி போகவில்லை.

அவள் எங்கே, எப்படி நின்றாள் என்று நான் கேட்கவில்லை. தந்தி முந்திவிட்டது என்று நம்பினேன். மூன்றாம் பத்தியில் ஐம்பத்தெட்டாம் எண்ணுக்கு நேரே அவள் நாள் எதையும் தெரிவிக்காததால், அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

என் ஜெர்மன் தோழியிடம் அந்தச் சக்கர வலையின் பின்னலைக் கற்று, வெள்ளை நூலில் ஒரு ஜோடி பின்னிக் கப்பல் தபாலில் அனுப்பினேன். எங்கள் பேச்சும் மாறியது. இரண்டு சைக்கிளில் வாய்க்கால் கரை நெடுக, கடைசி மதகு வரை போக வேண்டும் என்று அவள் எழுதுவாள். இடப்பக்கம் நீயா நானா என்று நான் எழுதுவேன். ஒவ்வொரு கோடையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. ஒரு வருஷம் கணவரின் ஆய்வு, ஒரு வருஷம் என் அறுவைச் சிகிச்சை. நான் ஊருக்குப் போனபோது எழுபத்து நான்காம் ஆண்டு ஆகிவிட்டது. ஒன்பது வருஷம்.

அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. நடை மாறியிருந்தது, எதிரில் வருபவர் விலகுவார் என்று தெரிந்தவள்போல் நடந்தாள். சைக்கிள் கூடத்திலேயே நின்றது, சாக்கு இல்லாமல். என் வலை இன்னும் அதில் இருந்தது. கிழிந்த இடங்களைச் சிவப்பு நூலால், பச்சை நூலால் தைத்திருந்தாள்.

நான்காம் நாள், அவள் குளிக்கப் போயிருந்தபோது, அலமாரியில் அவளுடைய குறிப்பேட்டைப் பார்த்தேன். முதல் பக்கமே விழுதல்தான். தேதி, தந்தி போய்ச் சேர்ந்ததற்கு முந்தைய நாள், திங்கட்கிழமை.

"இடம்: மதகு. காரணம்: அக்கா. அடுத்த முறை: கை."

அப்படியானால் கடிதம் பத்து நாளுக்குள் வந்திருக்கிறது. ஐம்பத்தெட்டு கடிதங்களில் அது ஒன்றுதான் ஓடோடிப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவள் ஈரத் தலையோடு வந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு வெள்ளைத் தழும்பு, விரல் நீளம்.

"ஏன்டி எழுதலை?"

"எழுதினா நீ சைக்கிளையே விட்டுருவே. எனக்குத் தெரியாதா உன்னை?"

"தண்ணில விழுந்தியா?"

"பாதி தண்ணி, பாதி கரை. எந்திரிச்சு உக்காந்து முதல்ல மூணு வரி எழுதினேன். அப்பறந்தான் அழுதேன். உன் புத்தகத்து வெள்ளைக்காரி சொன்ன மாதிரியே."

வீட்டில் ஒரே சைக்கிள்தான். வாடகைக்கு இன்னொன்று எடுக்கலாம் என்றாள். கடையில் இருந்தவை எல்லாம் ஆண்கள் வண்டி, நடுவில் கம்பி. ஆகவே மறுநாள் விடிந்ததும் இருவரும் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரைக்குப் போனோம். அவள் முதலில் ஓட்டிக் காட்டினாள். ஏழு வருஷமாக மனத்தில் பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். முதுகு நேராக, ஒரு கையால் மணியடித்து, ஒரு ஆட்டை ஓரம் கட்டி, மதகில் மெல்ல நின்று இறங்கினாள். இவ்வளவு நன்றாக வரும் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் போக எனக்கு ஒரு சைக்கிள் இல்லையே என்று அப்படி ஓர் ஏக்கம் வந்தது.

அவள் திரும்பி வந்ததும் நான் ஏறினேன். அவள் கரையில் கூடவே ஓடி வந்தாள்.

"பிடிக்கவாக்கா?"

"பிடிக்காதே!"

நன்றாகத்தான் போனது. மதகு வந்தது. எனக்கு எல்லாம் தெரியும், அடிக்கோடிட்டுத் தெரியும். ஆனால் என் பாதத்துக்கு ஏழு வருஷமாக ரைன் கரைதான் தெரியும். அது பின்னால் மிதித்தது. மிதி சும்மா சுற்றியது. கை என்று நினைவு வருவதற்குள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தாள். பிறகு இறங்கி வந்து கை கொடுத்தாள். வீட்டுக்குப் போனதும் குறிப்பேட்டை எடுத்து, எனக்காக அவளே எழுதினாள்.

"இடம்: அதே மதகு. காரணம்: ஜெர்மனி."

மூன்றாவது வரியில் "அடுத்த முறை" என்று எழுதி இரட்டைப் புள்ளி வைத்தாள். பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். எனக்கு எட்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து விமானம்.

"இதை நீ வந்து எழுது," என்று மூடி வைத்துவிட்டாள்.

நான் திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகிறது. சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலம் வரை போகிறேன். இப்போதும் வலது ஓரமாகத்தான். ஐம்பத்தெட்டாம் எண்ணுக்கு நேரே காலியாக இருந்த கட்டத்தில், அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் என்று எழுதியிருக்கிறேன். சரியான நாள் அவளுக்கும் நினைவில்லை. போன வாரம் வந்த அவளுடைய இருநூற்று எழுபத்தோராம் கடிதத்தில், பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியை புதிதாகப் பெண்கள் சைக்கிள் வாங்கியிருக்கிறாள், கேட்டால் ஒரு நாள் தருவாள் என்று எழுதியிருக்கிறாள்.

"அந்த வரி அப்படியேதான் இருக்கு அக்கா. மை காஞ்சு போறதுக்குள்ள வா."